பழைய பாலத்தடியில் ஆள் மாறிய பலகாரம்

கார்ல்ஸ்ரூஹேயில் பதினேழு வருடம் குடியிருந்தும் ஹைடெல்பேர்க் நகரத்தை நான் பார்த்ததில்லை. ரயிலில் ஏறினால் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. உலகத்தின் மற்றத் தொங்கலில் இருந்தெல்லாம் ஆட்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற ஊர். முதியோர் இல்லத்துச் சலவை அறையில் என்னோடு வேலை செய்யும் போலந்துக்காரி இரண்டு மூன்று தரம் போய்விட்டு வந்து, கைச் சைகையாலேயே அந்தக் கோட்டையைக் கட்டிக் காட்டியிருக்கிறாள். எனக்குத்தான் போக ஒரு காரணம் வரவில்லை. கடைசியில் வந்த காரணமும் ஊர் பார்ப்பது இல்லை.

என் மகள் சுபாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மன்ஹைமில் இருக்கும் ராணி அக்காதான் கொண்டுவந்தவர். பெடியனுக்குப் பெயர் கஜன், ஹம்பேர்க் துறைமுகத்தில் வேலை. அவருடைய தமக்கை மன்ஹைமில் கலியாணம் செய்திருக்கிறார், தாயும் மகளோடுதான் இருக்கிறார். இங்கே இப்போது பெண் பார்க்க வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது. வந்து போனால் அடுத்த நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். சரிவராவிட்டால் கோயில் திருவிழாவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது கஷ்டம். ஆகவே பொது இடத்தில் சந்திக்கிறார்கள். நாங்களும் ஊர் பார்க்க வந்தோம், அவர்களும் ஊர் பார்க்க வந்தார்கள், வழியில் கண்டு நாலு வார்த்தை கதைத்தோம், அவ்வளவுதான். விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாத ஒன்றை மறுக்க வேண்டிய தேவையும் வராது.

“ஹைடெல்பேர்க்கில பழைய பாலத்தடியில ஒரு குரங்குச் சிலை நிக்குது. அதுக்குப் பக்கத்தில நிப்பினம். தாய், தமக்கை, பெடியன், மூண்டு பேர்,” என்று ராணி அக்கா தொலைபேசியில் சொன்னார். “கனகாலம் திருச்சியில இருந்திட்டு வந்த ஆக்கள். கதை பேச்செல்லாம் இந்தியாக்காரர் மாதிரித்தான் இருக்கும். அதை யோசியாதேங்கோ.”

பெடியனின் படம் என்று அவர் அனுப்பியதில், ஒரு கலியாண வீட்டுக் கூட்டத்தின் பின்வரிசையில் அரை முகம் தெரிந்தது. சுபா அந்த அரை முகத்தையும் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். எங்களிடமிருந்து அவளுடைய நல்ல படமாக ஒன்று அவர்களுக்குப் போயிருந்தது.

என் கணவருக்கு உணவகத்துச் சமையலறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம், லீவு கிடையாது. அதனால் கதைக்க வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானோ வீட்டு மணி அடித்தால் சுபா இருக்கிறாளா என்று திரும்பிப் பார்க்கிறவள். அவள் நாலாம் வகுப்புப் படிக்கிற காலத்திலேயே என்னோடு எல்லா அலுவலகங்களுக்கும் வந்து, மேசைக்கு மேலாகத் தலை தெரிய எட்டி நின்று, எனக்காக டொச்சில், ஜெர்மன் மொழியில், கதைத்தவள். இப்போது பல் வைத்தியசாலையில் வேலை செய்கிறாள். ஆனாலும் டாக்குத்தரிடமோ அலுவலகத்திலோ நேரம் குறித்துத் தருகிற என்னுடைய டெர்மின் எதுவென்றாலும் லீவு எடுத்துக்கொண்டு அவள்தான் வருவாள்.

இதற்கு முன் இரண்டு சம்பந்தம் வந்தது. ஒன்று லண்டன், மற்றது கனடா. இரண்டையும் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டால் சிரிப்பாள். வேறு யாரையும் மனதில் வைத்திருக்கிறாயோ என்றும் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் சிரிப்புத்தான். இதுவும் தட்டிப்போனால் ராணி அக்கா இனி எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று இவர் சொல்லியிருந்தார். என் கவலை அதுவல்ல. என் பிள்ளையின் மனதில் இருப்பது என்ன என்று எனக்கே தெரியவில்லையே என்பதுதான்.

அது உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் ஜெர்மனியில் நடந்த வருடம். ரயில் போகும் வழியெல்லாம் வீட்டு யன்னல்களில் கொடி தொங்கியது. நான் மடியில் பலகாரப் பெட்டியை வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியவற்றை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடி இருந்தேன். இடையில் வியாழக்கிழமை கண் டாக்குத்தரிடம் டெர்மின் இருப்பது ஞாபகம் வந்தது.

“லீவு சொல்லிட்டியோ, பிள்ளை?”

“சொல்லிட்டன் அம்மா. எப்பவும் போலத்தானே,” என்றாள் சுபா, புத்தகத்தில் இருந்து தலை தூக்காமல்.

பெட்டிக்குள் எங்கள் ஊர் மரக்கறி றோல்ஸும் உழுந்து வடையும் இருந்தன. விடியவே எழும்பிப் பொரித்தவை. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணீரோடு நிறுத்திக்கொண்டால் அது மரியாதை மட்டும். பலகாரத்தில் கை வைத்தால் பாதிச் சம்மதம். இரண்டாவதையும் எடுத்தால் மிச்சப் பாதியும் வந்துவிட்டது என்று நினைக்கலாம். வீட்டில் இல்லாமல் பாலத்தடியில் என்றாலும் இந்தக் கணக்கு மாறாது என்றுதான் நான் நம்பினேன். சுபாவிடமும் இதைச் சொன்னேன். “அப்ப பசியோட வாறவன் கதை முடிஞ்சுது,” என்றாள்.

ஹைடெல்பேர்க் ரயில் நிலையம் பழைய நகரத்துக்கு எட்டத்தில் இருக்கிறது. பஸ்ஸில் போக வேண்டும். இறங்கிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பார்த்தால் கையில் பெட்டி இல்லை. பஸ் புறப்பட்டுவிட்டது. சுபா நல்ல சப்பாத்தோடு அதன் பின்னால் ஓடினாள். அடுத்த தரிப்பிடம் வரை ஓடித்தான் பெட்டியை மீட்டாள். சாரதி இருக்கையில் இருந்து எழும்பி வந்து பெட்டியைக் கையில் கொடுத்து, இதை யாராவது கேட்டு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன் என்று பகிடி விட்டாராம். அவள் வியர்த்துத் திரும்பி வந்தபோது நேரம் பிந்திவிட்டது.

அந்த நீண்ட கடைத்தெருவை நாங்கள் பார்க்கவே இல்லை. அரை ஓட்டமாகக் கடந்தோம். கல் பாவிய ஒரு சந்தால் திரும்பியதும் இரண்டு வெள்ளைக் கோபுரம் வைத்த வாசல் ஒன்று தெரிந்தது. அதற்கு அங்கால் பாலம். பாலத்துக்குக் கீழே ஆறு.

எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. வழுக்கியாறு என்று ஒன்றைச் சொல்வார்கள். மழைக்கு ஓடும், வெயில் வந்தால் யாரும் குறுக்கே நடந்து போகலாம். இங்கே கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில் ரைன் ஓடுகிறது, ஆனால் அதை நான் தொழிற்சாலைப் புகைபோக்கிகளோடு சேர்த்துத் தூரத்தில் இருந்து கண்டதுதான். நெக்கார் என்கிற இந்த ஆறு இரண்டு பக்கமும் மலைக்கு நடுவில், அவசரம் இல்லாமல் போகிறது. கடலை நின்ற இடத்தில் நின்று பார்த்துவிடலாம். ஆற்றைப் பார்த்தால் கண்ணும் அதன் பின்னால் போய்விடுகிறது.

பாலத்து வாசலுக்குப் பக்கத்தில் குரங்குச் சிலை நின்றது. பித்தளை நிறம், கையில் ஒரு கண்ணாடி. பக்கத்தில் குட்டியாய் இரண்டு எலிகள். கண்ணாடியைத் தொட்டால் செல்வமாம், எலியைத் தொட்டால் பிள்ளைகள் நிறையப் பிறக்குமாம், விரலைத் தொட்டால் இந்த ஊருக்குத் திரும்பி வருவார்களாம். கோயில் வாசலில் நிற்பதுபோல ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசைக்கு அருகில் ஒரு தமிழ்க் குடும்பம். சேலைக்கு மேல் சுவெட்டரும் காலில் விளையாட்டுச் சப்பாத்துமாக ஒரு தாய். ஒரு பெடியன். ஒரு இளம்பெண். மூன்று பேர்.

நின்று யோசித்தால் பிறகு கதை தொடங்க வராது என்று தெரியும். நேராகப் போய், “நாங்கள் கார்ல்ஸ்ரூஹேயில இருந்து வாறம். பஸ்ஸால பிந்திப் போச்சு, குறை நினைக்காதேங்கோ. இவ என்ர மகள் சுபா,” என்றேன்.

அந்தத் தாயின் முகம் மலர்ந்தது. “வாங்க, வாங்க. உக்காருங்க. வீட்டுக்கு வெளியில தமிழ்க் குரல் கேட்டு ஒரு மாசம் ஆச்சுங்க,” என்றார்.

திருச்சிப் பேச்சு. ராணி அக்கா சொன்னது சரி.

ஆற்றங்கரை மதில் ஓரமாக உட்கார்ந்தோம். இளையவர்கள் மூவரும் படம் எடுக்கப் பாலத்துக்குப் போனார்கள். அது ஒழுங்குதான், பெரியவர்கள் கதைக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து நீட்டினேன். அவர் றோல்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என்னங்க, உள்ள உருளைக்கிழங்கா?” என்று கேட்டார். திருச்சியில் இருந்ததில் றோல்ஸ்கூட மறந்துபோய்விட்டதாக்கும் என்று பாவமாக இருந்தது. ஒன்று சாப்பிட்டார். தானாகவே இரண்டாவதும் எடுத்தார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அதற்குப் பிறகு நான் கதைத்த மாதிரி என் ஆயுளில் கதைத்ததில்லை. சுபா சமைப்பாள் என்றேன். அவர் நல்லது என்றார். கோபம் வராத பிள்ளை என்றேன். அது பெரிய வரம் என்றார். தன் மகனைப் பற்றி நான் கேட்க, அவன் சின்ன வயதில் தயிர்ச் சாதம் தவிர ஒன்றும் தொடமாட்டான் என்றும், இங்கே வந்து எல்லாம் சமைக்கப் பழகிவிட்டான் என்றும் சொன்னார். ஒருவரும் விஷயத்தைத் தொடவில்லை. எவ்வளவு பண்பான மனிசி என்று நினைத்தேன். அந்த நினைப்பில், தயார்செய்து வராத ஒன்றும் வாயில் வந்துவிட்டது.

“இவதான் எனக்கு வாய். சின்னப் பிள்ளையில இருந்து எல்லா இடமும் எனக்காகக் கதைக்கிறது இவதான். இவ போனால் நான் என்ன செய்வன் எண்டு பயமாத்தான் இருக்கு. ஆனா அதுக்காக வைச்சிருக்கேலாது. என்ர பயம் என்னோட. பிள்ளை போக வேணும்.”

நிமிர்ந்தபோது சுபா இரண்டு அடி தள்ளி நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள்போல இருந்தாள். பிறகு சொல்லாமல் திரும்பிப் பாலத்துப் பக்கம் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் சுபாவோடு திரும்பி வந்து தாங்களும் சாப்பிட்டார்கள். “ரொம்ப டேஸ்ட்டா இருக்கு ஆன்ட்டி,” என்றார் பெடியன். பெட்டி வெறுமையாகிக்கொண்டு வந்தது. அப்போது சிலைக்கு முன்னால் வரிசை குறைந்தது. அந்தத் தாய் கையைத் தட்டி இருவரையும் அனுப்பினார். “போங்க, ரெண்டு பேரும் சேர்ந்து அந்த எலியைத் தொட்டுட்டு வாங்க.” பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: “கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. நான் வாயால கேக்க மாட்டேங்க. குரங்கு கேக்கட்டும்.”

என் கையில் ஒரு வடை இருந்தது. அது அப்படியே இருந்தது. கண்ணுக்கு முன்னால் பெடியன் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து எலியின் மேல் வைத்தார். தமக்கையின் கையை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை.

அந்த நேரம் பார்த்து சுபாவின் கைத்தொலைபேசி அடித்தது. அவள் காதில் வைத்துக் கேட்டாள். எப்போதும் தானே பதில் சொல்கிறவள், அன்று என்னிடம் நீட்டினாள். “ராணி அன்ரி. நீங்களே கதையுங்கோ.”

ராணி அக்கா மூச்சு விடாமல் ஏசினார். கஜன் வீட்டார் சொன்ன நேரத்துக்கு வந்து நின்று பார்த்துவிட்டுப் பாலத்தில் கொஞ்சத் தூரம் நடந்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது, படத்தில் கண்ட பெண் வேறொரு குடும்பத்தோடு நிற்கிறாள், தாய் பெட்டியைத் திறந்து அந்தக் குடும்பத்துக்குப் பலகாரம் ஊட்டாத குறை. “ஒரே நாளில ரெண்டு இடமோ எண்டு பெடியன்ர தாய் கேக்கிறா. அவை கோட்டைக்கு ஏறிட்டினம். இனி நான் என்னத்தைச் சொல்லுறது?”

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். சுபாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பாலத்தில் அந்தப் பெடியன் படம் எடுத்துத் தரச் சொல்லி மனைவியின் தோளில் கை போட்டபோதே விளங்கிவிட்டதாம்.

“ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லத்தான் வந்தனான். நீங்கள் கதைச்சுக்கொண்டு இருந்தீங்கள். நீங்கள் இப்பிடிக் கதைச்சு நான் ஒருநாளும் கேட்டதில்லை அம்மா. நிப்பாட்ட மனம் வரேல்லை.”

அந்தத் தாயிடம் உள்ளதைச் சொல்வதைத் தவிர வழியில்லை. சொன்னேன். அவர் ஊர் கரூராம், மகனைப் பார்க்க வந்தவராம். வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. “அடடா, நம்மால பொண்ணு காரியம் கெட்டுப் போயிடக் கூடாது. கிளம்புங்க. என்கிட்ட சொன்னதையே அவங்ககிட்டயும் சொல்லுங்க. நல்லாத்தான் சொன்னீங்க,” என்றார். பெட்டியை என்னிடம் வெறுமையாகத் தர அவருக்கு மனம் வரவில்லை. தன் பையில் இருந்து ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கை எடுத்து அதற்குள் நிரப்பித்தான் தந்தார்.

கோட்டைக்குப் போக மலையில் ஏறும் ஒரு சின்ன ரயில் இருக்கிறது. படிக்கட்டு மாதிரிச் சரிவாக நிற்கிற பெட்டிகள். அதில் நெருக்கி நின்றபோது சுபா சொன்னாள், “நான் கதைக்கவோ அம்மா?”

“வேண்டாம். ஆள் மாறினது நான். நான் கதைக்கிறன்.”

போலந்துக்காரி கையால் கட்டிக் காட்டிய கோட்டை இதுதான். சிவப்புக் கல். அரைவாசி இடிந்து, யன்னல்களுக்குப் பின்னால் அறை இல்லாமல் ஆகாயம் தெரிகிறது. எங்கள் ஊரில் இடிந்த கட்டடத்தை யாரும் இப்படிச் செலவழித்து வந்து பார்ப்பதில்லை. இடிந்தபடியே விட்டு, சுற்றிப் பூச்செடி நட்டு, பெருமையாக வைத்திருக்கிறார்கள். வேறொரு நாளென்றால் அதைப் பற்றிக் கனக்க யோசித்திருப்பேன். அன்று முற்றம் முழுக்கத் தமிழ் முகம் தேடினேன்.

நிலவறையில் வீடு அளவுக்கு ஒரு வைன் பீப்பா படுத்துக் கிடக்கிறது. அதன் மேலே ஏறிப் பார்க்க மரப்படி வைத்திருக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்கலாம். மேலிருந்து நீலச் சேலையில் ஒரு அம்மா இறங்கி வந்தார், பின்னால் ஒரு பெண், அதற்குப் பின்னால் அந்த அரை முகத்தின் முழு முகம். நான் படியின் அடியில் நின்றேன். அவர்கள் விலகிப் போக வழி இருக்கவில்லை.

“அக்கா, நான் சுபாவின்ர தாய்.”

“தெரியும். பாலத்தடியில கண்டனாங்கள்,” என்றார் அந்த அம்மா. “வடைக் கடை நல்லாப் போச்சுது போல.”

திருச்சிப் பேச்சு கொஞ்சமும் இல்லை. அச்சொட்டான யாழ்ப்பாணம். ராணி அக்காவை நான் மனதுக்குள் வைதேன்.

“ஓம் அக்கா. அது உங்களுக்கெண்டு பொரிச்சது. திருச்சியில இருந்த ஆக்கள், இந்தியாக் கதை எண்டு சொல்லியிருந்தினம். தாய், பெடியன், ஒரு பிள்ளை, மூண்டு பேர் நிண்டினம். கலியாணம் கட்டின பெடியனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்கிறதெண்டு நான் அவ்வளவு நேரம் இருந்து கதைச்சுப் போட்டன்.”

குடுக்கிறது என்ற சொல்லை நான் சொல்லிவிட்டேன். யாரும் வாய்விடக் கூடாத சொல். பிறகு மேல் படியில் நின்ற பெடியன் சிரித்தார். அடக்கிப் பார்த்து, ஏலாமல், பீப்பாவில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

“றோல்ஸ் ஒண்டும் மிச்சமில்லையோ, மாமி?” என்று கேட்டார்.

மாமி என்றதும் தாய் திரும்பி மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அவைக்கு றோல்ஸ் என்னெண்டு தெரிஞ்சுதோ?”

“இல்லை அக்கா. உள்ளுக்கு என்ன எண்டு கேட்டவா.”

“திருச்சியில எவ்வளவு காலம் இருந்தாலும் றோல்ஸ் மறக்குமோ? அதிலயாவது உங்களுக்கு விளங்கியிருக்க வேணும்,” என்றார். ஏச்சுத்தான். ஆனால் வீட்டு ஆளை ஏசுகிற ஏச்சு.

வெளியே மதிலோரம் வந்து நின்றோம். கீழே முழு நகரமும் சிவப்புக் கூரைகளாக விரிந்து கிடந்தது. நடுவில் ஆறு, அதற்குக் குறுக்கே நாங்கள் ஆள் மாறிய பாலம், விளையாட்டுச் சாமான் அளவில். நான் வெட்கத்தோடு பெட்டியைத் திறந்து, இருப்பது இதுதான் என்று கரூர் முறுக்கை நீட்டினேன். தாய் ஒன்றை எடுத்துக் கடித்தார். கடித்தபடி நின்றார். திருச்சியில் அவர்கள் இருந்த தெரு முனையில் பொழுதுபடக் கிடைக்கும் முறுக்கு இதே கைப்பக்குவம் என்றார். அந்தத் தெருவைப் பற்றிக் கொஞ்ச நேரம் சொன்னார். பிறகு இரண்டாவதையும் எடுத்தார். காலையில் பட்டது போதும் என்று நான் அதை வைத்து ஒன்றும் நினைக்கவில்லை.

சுபாவும் பெடியனும் மதிலின் மற்றத் தொங்கலில் நின்று டொச்சில் கதைத்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஒருமுறை அவர் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுவதுபோலக் கையை வீசிக் காட்டினார். அவள் சிரித்தாள். என்னிடம் சிரிக்கிற அந்த மூடின சிரிப்பு இல்லை. பெட்டி என் கையில் இருந்தது. இருவரும் வந்து ஆளுக்கொரு முறுக்கு எடுத்துக்கொண்டு திரும்பவும் அங்கேயே போனார்கள். பசியாகவும் இருக்கலாம்.

பொழுது சாயும் முன் பிரிந்தோம். தாய் என் கையைப் பிடித்து, “ராணியிட்டைச் சொல்லுறம்,” என்றார். அவர்கள் பக்கத்துக்கு அதுவே பெரிய சொல். எங்கள் பக்கத்துச் சொல்தான் மிச்சம்.

திரும்பும் ரயிலில் கொடி கட்டிய இளைஞர் கூட்டம் ஒன்று பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. சுபா புத்தகத்தைத் திறக்கவில்லை. யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹம்பேர்க் எவ்வளவு தூரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வேண்டாம் என்ற லண்டனும் கனடாவும்கூடத் தூரம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெடியன் எப்படி என்று கேட்க வாய் எடுத்தேன், அதற்குள் அவள் திரும்பினாள்.

“வியாழக்கிழமை கண் டாக்குத்தரிட்டை நீங்கள் தனியப் போவீங்களோ, அம்மா?”

அந்தக் காத்திருக்கும் அறையை நினைத்துப் பார்த்தேன். என் பெயரைப் பிழையாகக் கூப்பிடுவார்கள். எழும்பிப் போக வேண்டும். எந்தக் கண், எவ்வளவு நாளாக என்று கேட்பார்கள்.

“ஓம்,” என்றேன். “போவன்.”

“அப்ப நான் லீவு வேண்டாமெண்டு சொல்லுறன்,” என்றாள். என் மடியில் இருந்த பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் இவர் சமையல் உடுப்பு மாற்றாமல் நின்றார். பிள்ளை குளியலறைக்குள் போகும்வரை பொறுத்திருந்து, என்ன மாதிரி என்று கண்ணால் கேட்டார்.

“பிள்ளைக்குச் சம்மதம்,” என்றேன்.

“அவள் சொன்னவளோ?”

“ஓம். ரயிலில சொன்னவள்.”